எந்தத் தலைவர்?

ஆகஸ்ட் 3

குளோரின் போடுகிற ஆள் இன்றும் வரவில்லை. நானே மேல்நிலைத் தொட்டியில் ஏறினேன். இறங்கும்போது வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. ஜனவரி முப்பத்தொன்றோடு ஓய்வு. அதுவரை இந்தக் கால் தாங்கினால் போதும்.

மேலவேலங்குளம் ஊராட்சிக்குச் செயலராக வந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. ஊரில் எல்லோருக்கும் நான் கிளார்க். சோலையப்பன் என்ற பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. இந்த வேலையை எனக்குப் போட்டுக் கொடுத்தவர் பெரிய பிரசிடென்ட். அவருக்குப் பின் அவர் மகன் தவமணி மூன்று முறை தலைவராக இருந்தார். இந்தத் தடவை பதவி பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கீடாகிவிட்டது. காலனியிலிருந்து பஞ்சவர்ணம் என்கிற அம்மா ஜெயித்து வந்திருக்கிறது. புருஷன் ஆண்டிச்சாமி, கொத்தனார். அந்தம்மா பத்தாவது வரை படித்தது. நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தது. தவமணி வார்டு உறுப்பினராக நின்று துணைத்தலைவர் ஆகிவிட்டார்.

மதியம் அந்தம்மா ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தது. காலனிக்கும் மேலத்தெருவுக்கும் சேர்த்துக் குடிநீர்க் குழாய் வேண்டும் என்று. எழுத்து நன்றாகவே இருந்தது. இரண்டு இடத்தில் சந்தி விட்டுப்போயிருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

"மேலத்தெருவையும் ஏம்மா சேத்த?" என்று கேட்டேன்.

"அங்கயும் தண்ணி வரலயே சார்."

ஆகஸ்ட் 9

தவமணி வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகை வந்தது. அவர் பெயருக்கு முன்னால் பெரிய எழுத்தில் பிரசிடென்ட்.

இந்த ஊரில் எத்தனை தலைவர் என்று சும்மா எண்ணிப் பார்த்தேன். பால் சங்கத்துக்கு ஒரு தலைவர். பள்ளிக்கூடப் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு ஒருவர். கோயில் கமிட்டிக்கு ஒருவர்; கூட்டுறவு வங்கிக்குப் பதவிக்காலம் முடிந்தும் போர்டில் பெயர் அழியாத ஒருவர். கபடிக் குழுவுக்கும் உண்டு. டீக்கடையில் இளவட்டங்கள் ஒருவரையொருவர் "என்ன தலைவரே" என்கிறார்கள்; அதில் ஒருத்தனுக்கும் எந்தப் பொறுப்பும் கிடையாது. டெல்லி மாளிகையில் இருப்பவரும் தலைவர்தான், குடியரசுக்கு. ஆனால் பிரசிடென்ட் என்று மொட்டையாகச் சொன்னால் அது தவமணி. அவர் வீட்டெதிரே பஸ் நிற்கிற இடம் பிரசிடென்ட் ஸ்டாப். செத்துப் பதினாறு வருடமான அவர் அப்பா இன்றைக்கும் பெரிய பிரசிடென்ட்.

ஓட்டு வாங்கி, சான்றிதழ் வாங்கி, ரப்பர் ஸ்டாம்பில் 'தலைவர்' என்று வைத்திருக்கிற ஆளை மட்டும் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஊர்க்காரர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நான் 'இந்தாம்மா' என்பேன். பெயர் சொல்வதற்கு இது தேவலை என்று நினைத்துக்கொள்வேன்.

ஆகஸ்ட் 13

தவமணி கூப்பிட்டு அனுப்பினார். போனேன். வாசலில் டிராக்டர் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"சோலையண்ணே, பதினஞ்சாந்தேதி கொடி எத்தன மணிக்கு?"

"ஒம்பதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்கு."

"அது வந்து ஏத்துச்சுன்னா நம்மாளுக ஒருத்தரும் வர மாட்டாக. வந்தாலும் வம்புதான். நல்ல நாளும் அதுவுமா போலீசு கீலீசுன்னு ஆகக் கூடாது. நீங்க பாத்துப் பக்குவமாச் செய்ங்க."

"எப்படிங்க பிரசிடென்ட்?"

"முப்பது வருசமா ஆபீஸ் பாக்குறீக. ஒங்களுக்கு நான் சொல்லித் தரணுமாண்ணே?" என்று சிரித்தார்.

வரும் வழியில் முழங்காலுக்குத் தைலம் வாங்கினேன்.

ஆகஸ்ட் 14

கொடியேற்று விழா பற்றி அந்தம்மாவுக்குப் போனில் தகவல் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 15

ஒன்பது மணிக்குக் கொடியேற்றம் நடந்தது. தலைவர் வராததால் துணைத்தலைவர் ஏற்றினார். விதியில் அதற்கு இடம் இருக்கிறது. பிள்ளைகள் பாடினார்கள். ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தோம்.

அந்தம்மா வரும்போது மணி பத்தாகப் பத்து நிமிடம். மாம்பழக் கலரில் புதுச் சேலை. கூடவே புருஷன், முகம் மழித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். ப்ளஸ் ஒன் படிக்கிற மகள் இந்துமதி. காலனியிலிருந்து முப்பது பேருக்கு மேல் பின்னால் வந்தார்கள். கொடி பறந்துகொண்டிருந்தது. பாதிக் கூட்டம் கலைந்திருந்தது.

அந்தம்மா கையில் ஒரு தாள் இருந்தது. பேசுவதற்கு எழுதி வைத்திருந்தது போல. அதை நாலாக மடித்தது. பிறகு என் பக்கம் வந்து எல்லோரும் கேட்கும்படி கேட்டது.

"கிளார்க் சார், எத்தன மணின்னு சொன்னீங்க?"

தவமணி கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை, மிட்டாய்த் தட்டைப் பார்த்தார்.

"ஒம்பதுன்னுதானம்மா சொன்னேன். நீ சரியாக் காதுல வாங்கல."

யாரோ சிரித்தார்கள். ஆண்டிச்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார்; அந்தம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தியது. நேரே கம்பத்தடிக்குப் போய்க் கொடிக்கு வணக்கம் வைத்தது. கூட வந்தவர்களும் வைத்தார்கள். மிட்டாயை ஒருவரும் தொடவில்லை.

ஆகஸ்ட் 16

தலைவலி. எங்கும் போகவில்லை.

ஆகஸ்ட் 24

கலெக்டரிடம் அந்தம்மா புகார் கொடுத்துவிட்டதாம். என் பெயரும் இருக்கிறதாம். தகவல் சொன்ன தவமணி பதறவில்லை. "ஒங்க வார்த்தை, அதோட வார்த்தை. அவ்வளவுதானண்ணே. எதையும் பேப்பர்ல எழுதலல்ல?" என்றார். எழுதவில்லை என்றேன். போனில் பேசியது நல்லதாகப் போயிற்று என்றார்.

செப்டம்பர் 5

சாப்பிடும்போது சௌந்தரம் கேட்டாள். கல்யாணமாகி முப்பத்திநாலு வருடத்தில் என் ஆபீஸ் விஷயம் அவள் கேட்டதில்லை.

"விசாரணையில என்ன சொல்லப் போறீக?"

"ஒம்பது மணின்னு சொன்னேன்னு சொல்லுவேன்."

அவள் ரசத்தை ஊற்றிவிட்டுக் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டாள். "நான் அடுப்படியிலதான் நின்னேன். பத்து மணிக்கு வாம்மா, அவசரமில்லன்னு சொன்னீக. அவசரமில்லன்னு வேற சொன்னீக."

ஓய்வுக்கு ஐந்து மாதம்கூட இல்லை என்றேன். தவமணி குடும்பம் நமக்குச் செய்ததை அடுக்கினேன். பெரியவள் கல்யாணத்துக்குப் பந்தல் முதல் பாத்திரம் வரை அந்த வீட்டிலிருந்து வந்தது. அவள் எனக்கு மோர் வைக்க மறந்துவிட்டாள், அல்லது மறக்கவில்லை.

இதுவரை இந்த நோட்டில்கூட நான் மணியை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். பத்து மணி என்றுதான் சொன்னேன்.

செப்டம்பர் 8

விசாரணை, கோட்டாட்சியர் அலுவலகத்தில். அதிகாரி சின்ன வயது. பொறுமையாகத்தான் கேட்டார். அந்தம்மா நின்றுகொண்டே சொல்லப் போனது, உட்காரச் சொன்னார்.

"பத்து மணின்னு சொன்னாருங்கய்யா. அவசரமில்லன்னும் சொன்னாரு. நான் எட்டு மணிக்கே சேலை கட்டி ஒக்காந்திருந்தேன். ஒம்பது மணின்னு தெரிஞ்சிருந்தா எட்டரைக்கே அங்க நின்னுருப்பேன்."

"போன்ல பேசினப்ப பக்கத்துல யாராவது கேட்டாங்களா?" என்றார் அதிகாரி. என்னிடமும் அதையே கேட்டார்.

அடுப்படி ஞாபகம் வந்தது. "யாரும் இல்லைங்க சார்" என்றேன்.

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ தாளில் போட்ட கையெழுத்து.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தம்மாவும் அதே ஸ்டாப்பில் நின்றது. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பினோம்.

செப்டம்பர் 17

உத்தரவு வந்தது. 'தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட தவறு. ஊராட்சித் தலைவர் இனி அரசு விழாக்களுக்கு உரிய நேரத்தில் வருமாறு அறிவுறுத்தப்படுகிறது.' நான்தான் அதை ஃபைலில் கோத்தேன்.

தவமணி வீட்டிலிருந்து கறிக்குழம்பு வந்தது. சௌந்தரம் தொடவில்லை.

செப்டம்பர் 19

ஒன்றிய அலுவலகத்தில் கூட்டம். பதினொரு மணிக்குத் தபால்காரர் இன்னாசியிடமிருந்து போன்.

"கிளார்க் சார், ஆபீஸ் பூட்டியிருக்கு. ஒரு ரிஜிஸ்டர் தபால். தலைவர், மேலவேலங்குளம்னு மட்டும் போட்டிருக்கு. எந்தத் தலைவர்?"

"பிரசிடென்ட் வீட்ல குடுத்துருங்க."

"புது பிரசிடென்ட்டா?"

பக்கத்தில் மற்ற ஊர்ச் செயலர்கள் இருந்தார்கள். "புதுசென்ன, பழசென்ன? எப்பவும் குடுக்கிற வீட்ல குடுங்க" என்றேன்.

சாயங்காலம் தவமணியிடம் என்ன தபால் என்று கேட்டேன். ஏதோ சர்க்குலர் என்று சட்டைப்பையைத் தட்டினார். பையின் விளிம்பில் உறை தெரிந்தது. குடிநீர் வாரியத்தின் முத்திரை போல இருந்தது. கண்ணாடி போடாததால் சரியாகத் தெரியவில்லை.

அக்டோபர் 12

மாதாந்திரக் கூட்டம். ஒன்பது உறுப்பினரில் வந்தது இரண்டு பேர். இப்படி இது இரண்டாவது கூட்டம். பொய்ப்புகார் கொடுத்தவரோடு உட்கார மாட்டோம் என்று மற்றவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கடிதத்துக்கு வாசகம் கேட்டு என்னிடம்தான் வந்தார்கள்.

அந்தம்மா ஒன்றரை மணி நேரம் காத்திருந்தது. பிறகு தீர்மானப் புத்தகத்தை எடுத்து, 'போதிய உறுப்பினர்கள் வராததால் கூட்டம் நடைபெறவில்லை' என்று தானே எழுதியது. இந்த முறை பிழை ஒன்றும் இல்லை.

நவம்பர் 6

குடிநீர்க் குழாய் போய்விட்டது.

ஒன்றியப் பொறியாளர் சொல்லித்தான் அந்தம்மாவுக்கே தெரிந்தது. ஆகஸ்டில் கொடுத்த மனுவை ஏற்று, அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் ஊராட்சித் தீர்மானம் அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. பதில் போகாததால் திட்டத்தை வேறு ஊராட்சிக்கு மாற்றிவிட்டார்கள். மேலத்தெருவுக்கும் சேர்த்துத்தான் போனது. அந்தத் தெருவில்தான் தவமணியின் சொந்தத் தங்கை இருக்கிறாள். அவளும் பஸ் ஸ்டாப் அடிபம்பில் குடத்தோடு நிற்கிறாள்.

அந்தம்மா நேரே தபாலாபீஸ் போய் யார் கையெழுத்துப் போட்டு வாங்கியது என்று பார்த்துவிட்டு வந்தது. என் மேஜைக்கு முன்னால் நின்றது.

"இன்னாசி அண்ணன் ஒங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் குடுத்தாராம்."

"நான் ஏதோ நெனப்புல..."

"கெடு தெரிஞ்சிருந்தா ஒவ்வொரு மெம்பர் வீட்டு வாசல்லயும் போயி நின்னுருப்பேன் சார். கால்ல விழணும்னாலும் விழுந்திருப்பேன். தண்ணிக்கு விழுறதுல எனக்கு வெக்கமில்ல."

நான் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எந்த ஃபைல் என்று இப்போது ஞாபகம் இல்லை.

நவம்பர் 22

இன்று காலனிக்குப் போனேன். வீட்டு வரி வசூலுக்குப் போவேன். தெருவில் நின்று பெயர் கூப்பிடுவேன். ஒரு வீட்டுக்குள் போனது இதுதான் முதல் தடவை.

ஆண்டிச்சாமி வேலைக்குப் போயிருந்தார். ஊருக்குள் யாரும் அவரைக் கூப்பிடுவதில்லையாம். இருபது கிலோமீட்டர் தள்ளிப் போகிறார். இந்துமதி படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "என்னைய மன்னிச்சிரும்மா" என்று மட்டும் வந்தது.

அந்தம்மா சொன்னது:

"மன்னிப்ப வச்சு நான் என்ன சார் பண்ணுவேன்? எழுதிக் குடுங்க."

"எழுதி..."

"என்ன நடந்துச்சோ அத. கலெக்டருக்கு எழுதி எங்கிட்டக் குடுங்க. ஊரெல்லாம் என்னையப் பொய்ப்புகார்க்காரிங்குது. எம்மக ஸ்கூல்ல, ஒங்கம்மாவுக்கு மணி பாக்கத் தெரியாதான்னு கேக்குதுக. நீங்க வீட்டுக்குள்ள வந்து சொல்றது இந்தச் செவுத்துக்குத்தான் கேக்கும்."

யோசித்துச் செய்கிறேன் என்றேன்.

"யோசிங்க" என்றது.

டிசம்பர் 1

மழை. ஆபீஸ் கூரை ஒழுகி இரண்டு பதிவேடுகள் நனைந்துவிட்டன. மழை விட்டதும் வெயிலில் காயவைத்தேன். கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'மதிப்பிற்குரிய' வரை எழுதினேன்.

டிசம்பர் 18

ஓய்வு ஆணைக்கான கோப்பு மாவட்ட அலுவலகத்தில் இருக்கிறதாம். இந்த நேரத்தில் எதையாவது எழுதிக் கொடுத்தால் கோப்பு நின்றுவிடும். சௌந்தரத்திடம் சொன்னேன். "ஒங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு கோப்பு இருக்கு" என்றாள்.

ஜனவரி 9

இன்னும் எழுதவில்லை.

ஜனவரி 26

தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரே கொடியேற்ற வேண்டும் என்று எல்லா ஊராட்சிக்கும் சுற்றறிக்கை வந்திருந்தது. தாசில்தாரும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்தார்கள். அந்தம்மா ஏழரைக்கே வந்துவிட்டது. அதே மாம்பழக் கலர் சேலை.

ஊர்ப்பக்கமிருந்து பள்ளிப் பிள்ளைகளும் தலைமையாசிரியரும் மட்டும்தான். தவமணி வெளியூர் போய்விட்டார். மேலத்தெருவிலிருந்து அவர் தங்கை வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மைக் என்னிடம். நிகழ்ச்சி நிரல் என் கையில். 'ஊராட்சி மன்றத் தலைவர் திருமதி பஞ்சவர்ணம் அவர்கள் கொடியேற்றி வைப்பார்கள்.' நான் எழுதியதுதான். தாளைப் பார்த்து வாசித்தால் போதும். வாசலைத் தாண்டி ரோட்டில் இரண்டு மூன்று பேர் பைக்கை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தவமணியின் ஆட்கள்.

"அடுத்ததாகக் கொடியேற்றம்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். கம்பத்தடியில் கயிற்றைக் கையில் பிடித்தபடி அந்தம்மா ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு கயிற்றை இழுத்தது. கொடி விரிந்து பூ கொட்டியது. காலனிப் பெண்கள் குலவை போட்டார்கள். ஆண்டிச்சாமி அழுதுகொண்டிருந்தார், துடைக்காமல்.

ஒரு வார்த்தை. அதைச் சொல்வதற்கு எனக்கு அரசாங்கம் முப்பத்தொரு வருடம் சம்பளம் கொடுத்திருக்கிறது.

ஜனவரி 31

பணி ஓய்வுப் பாராட்டு விழா. ஆணை முந்தாநாளே கைக்கு வந்துவிட்டது. தலைமை தாங்கியவர் தவமணி. சால்வை, மாலை, கைக்கடிகாரம். "ரெண்டு தலைமுறை தலைவர்களுக்கு விசுவாசமா இருந்தவரு எங்க சோலையண்ணே" என்று பேசினார். அழைப்பிதழில் அந்தம்மா பெயர் இல்லை. வரவும் இல்லை. சௌந்தரத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித் தனியாகத்தான் போனேன். அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 4

எழுதிவிட்டேன். ஒரே பக்கம். ஆகஸ்டு பதினாலாம் தேதி பத்து மணி என்று சொன்னது நான், சொல்லச் சொன்னவர் இன்னார், விசாரணையில் கொடுத்த வாக்குமூலம் பொய் என்று. காலை பத்தரைக்கு ஊராட்சி அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். நான் உட்கார்ந்த இடத்தில் பக்கத்து ஊர்ச் செயலர் பொறுப்புக்கு உட்கார்ந்திருந்தார். அந்தச் செயலர் ஒன்றியத்துக்குக் கிளம்புகிற வரை வெளியே நின்றேன்.

உள்ளே அவர் தனியாக இருந்தார். அவர் என்று எழுதும்போது கை ஒரு கணம் நிற்கிறது. இத்தனை பக்கத்திலும் அந்தம்மா, வந்தது, போனது என்றுதான் எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தப் போவதில்லை, இருக்கட்டும்.

"தலைவரம்மா, நீங்க கேட்டது" என்று தாளை நீட்டினேன்.

அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. நிதானமாகப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"ஒங்க ஓய்வு ஆர்டர் வந்துருச்சா சார்?"

"வந்துருச்சும்மா. போன வாரம்."

"ம்" என்றார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "தண்ணிக் கடுதாசி பத்தி இதுல இல்லையே?"

அதை நான் வேண்டுமென்றே விடவில்லை என்று சொல்ல வந்தேன். சொன்னால் அதுவும் பொய். பேனாவை வாங்கிக் கீழே இருந்த இடத்தில் எழுதினேன். எந்தத் தலைவர் என்று தபால்காரர் கேட்டதும், எனக்குத் தெரிந்தே தவறான வீட்டைக் காட்டியதும், சட்டைப்பையில் இருந்த உறையை நான் அடையாளம் கண்டதும். எழுதி முடித்ததும் அவர் கீழே விரல் வைத்தார்.

"தேதி போடல."

"எந்தத் தேதி போடட்டும்?" என்று கேட்டுவிட்டேன். பழக்கதோஷம். எத்தனையோ தடவை, சொன்ன தேதியைப் போட்டுக் கொடுத்த கை இது.

"எந்தத் தேதின்னா? இன்னைக்கு என்ன தேதியோ அதப் போடுங்க. எப்ப எழுதுனீங்கங்கறதும் தெரியட்டும்."

போட்டேன். 4-2.

"இத வச்சு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது சார். தண்ணி திரும்ப வரப் போறதில்ல. ஆனா நாளைக்கே கலெக்டராபீஸ்ல குடுப்பேன். ஒரு நகல் எம்மகளுக்கு."

"சரிங்கம்மா." எழுந்தேன். கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். அறுபது வயதில் அப்படிக் கேட்க வெட்கமாக இருந்தது, கேட்டேன். "மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டீகளே?"

தலைவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் தெரியவில்லை. மேஜையிலிருந்து ஒரு சின்னத் தாளைக் கிழித்து எழுதினார். ஸ்டாம்பை மையில் ஒற்றி, அழுத்திக் குத்தி, மை காயும்படி ஊதி என்னிடம் நீட்டினார்.

"அதுக்கு எனக்குப் பதில் தெரியல சார். இதுதான் இப்ப என்னால தர முடியும்."

வெளியே வந்து கண்ணாடி போட்டுப் படித்தேன். 'கடிதம் பெற்றுக்கொண்டேன். வெ. பஞ்சவர்ணம், தலைவர்.'